கடலோர விடுமுறையில் குழந்தைகளைப் படமெடுப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உருவப்படம் எடுப்பது என் தொழில். அதிலும் முக்கால்வாசி குழந்தைகள். விடுமுறைக் காலம் நெருங்கினால் போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் கடலோரம் கிளம்புகிறவர்களாக இருப்பார்கள். சிலர் என்னை வரச் சொல்வார்கள், சிலர் தாங்களே எடுத்துக்கொள்ள யோசனை கேட்பார்கள். கேள்விகள் என்னவோ கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதிவைத்துவிட்டேன்.

எந்த நேரத்தில் எடுத்தால் படம் நன்றாக வரும்?

சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில். காலையில் உதித்து ஒரு மணி நேரம் வரை, மாலையில் மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். உச்சிவெயில் தலைக்கு நேர் மேலிருந்து இறங்குவதால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து, முகத்தில் இரண்டு கருங்குழிகள்தான் தெரியும். தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் வரும், காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளாகவும் மென்மையாகவும் இருக்கும்.

மாலையில் இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்க்கக் கையே போதும். கையை முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்துப் படுக்கையாக வைத்து, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம்.

காலையா மாலையா என்று கேட்டால், நான் முதலில் விசாரிப்பது குழந்தை எப்போது தூங்கும், எப்போது பசிக்கும் என்பதைத்தான். வெளிச்சம் பொன்னாக இருந்து என்ன பயன், இரண்டு வயதுக் குழந்தை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தால்? என் ஓட்டு காலைக்கு. கூட்டம் இருக்காது, மணலில் கால்தடம் இருக்காது, குழந்தை தூங்கி எழுந்த தெளிவில் இருக்கும். பெரியவர்களுக்குத்தான் சீக்கிரம் எழுந்திருப்பது கஷ்டம்.

எங்களுக்குக் கிடைப்பதே மதியம்தான். விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். நிழலைத் தேடுங்கள். கரையில் ஏற்றிவைத்த படகின் நிழல், ஒரு சுவர், ஒரு மரம், எதுவானாலும் சரி. குழந்தையை நிழலின் விளிம்புக்கு அருகே, வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். வெளியே வெயிலில் கிடக்கும் உலர்ந்த மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும். ஸ்டுடியோவில் ரிஃப்ளெக்டர் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்; இங்கே கரை முழுக்க ரிஃப்ளெக்டர். ஈர மணல் கருத்திருப்பதால் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. வண்ணக் குடையின் கீழ் மட்டும் வேண்டாம். சிவப்புக் குடையென்றால் முகமும் சிவந்துவிடும், பிறகு எடிட்டில் அதைச் சரிசெய்யப் பாடுபட வேண்டும்.

நிழலே இல்லையென்றால் சூரியன் குழந்தையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முகம் முழுக்க ஒரே சீரான நிழலில் இருக்கும், கண் கூசாது. ஃபிளாஷ் இருந்தால் குறைந்த அளவில் முகத்துக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். வெயிலைப் பார்த்தபடிதான் நின்றாக வேண்டும் என்றால் ஒரு சின்னத் தந்திரம்: கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணி, "இப்போ திற" என்று சொல்லுங்கள். திறந்ததும் ஒரு நொடி கண் அகலமாக இருக்கும். அந்த ஒரு நொடிதான்.

கேமராவைக் கண்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. என்ன செய்வீர்கள்?

கேமராவைக் கீழே வைத்துவிடுவேன்.

நிஜமாகத்தான். அந்தக் குழந்தை விளையாட வந்திருக்கிறது. நடுவில் முன்பின் தெரியாத ஒரு ஆள் கறுப்புப் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது வேறு என்ன செய்யும்?

நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்ததிலிருந்து அப்பாவின் காலுக்குப் பின்னாலேயே நின்றான். நான் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மணலைத் தோண்ட ஆரம்பித்தேன். பேசவில்லை, கூப்பிடவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. "தண்ணி இல்லாம எப்படி?" என்றான். "எடுத்துட்டு வர ஆள் இல்லையே" என்றேன். போனான். இரண்டு கையையும் குவித்து அலையில் முக்கி, தூக்கிக்கொண்டு திரும்பினான். பத்தடி வருவதற்குள் தண்ணீர் முழுக்க விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. குழியில் ஈரக் கையை உதறிவிட்டு மறுபடி ஓடினான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோதான் நான் கேமராவை எடுத்தேன். முழங்கையை உடம்போடு ஒட்டி, கண்ணை உள்ளங்கைத் தண்ணீரிலேயே வைத்து, நாக்கின் நுனியைக் கடைவாயில் துருத்திக்கொண்டு வந்தான். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டிருந்தான்.

படத்தைப் பார்த்த அப்பாவுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். "கேமராவைப் பார்க்கவே இல்லையே" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். பையனின் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "ஊசியில் நூல் கோக்கும்போது இவன் தாத்தாவும் இப்படித்தான் நாக்கைத் துருத்துவார்" என்றாராம்.

ஆக, குழந்தையைப் பிடித்து நிறுத்துவதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பது மேல். குழி தோண்டுவது, கிளிஞ்சல் பொறுக்குவது, தங்கையின் காதில் ரகசியம் சொல்வது, அலை தொடுவதற்குள் கோட்டைத் தாண்டி ஓடுவது. எந்த வேலையானாலும் முடிவே இல்லாததாக இருந்தால் நல்லது.

"சிரி, சிரி" என்று நாங்கள் பின்னாலிருந்து சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். சொன்னதும் வருவது பல்லைக் காட்டுவது, சிரிப்பல்ல. கன்னமும் கண்ணும் சேராமல் வாய் மட்டும் விரியும். தவிர, குழந்தை உங்களைப் பார்க்குமா, என்னைப் பார்க்குமா?

சிரிக்காத படமும் நல்ல படம்தான். நெதர்லாந்துப் புகைப்படக் கலைஞர் ரினெக்கே டைக்ஸ்ட்ரா 1990களின் தொடக்கத்தில் பல நாடுகளின் கடற்கரைகளில் வளரிளம் பிள்ளைகளை எடுத்தார். பெரிய ஃபிலிம் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பகல் வெளிச்சத்தோடு ஃபிளாஷும் சேர்த்து, கடலைப் பின்னால் வைத்து எடுத்தவை. நீச்சலுடையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகள். பெரும்பாலும் சிரிப்பே இருக்காது. அந்தத் தடுமாற்றத்திலேயே அந்த வயது முழுக்கத் தெரியும். வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை இருந்தால் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

கைக்குழந்தையை எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் வேகமாக. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது; நிழலில் அம்மா மடியில் வைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். காற்று முகத்தில் அடித்தால் அழும், ஆகவே பெரியவர் யாராவது காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். தவழும் குழந்தைக்கு முதல் ஆசை மணலை வாயில் போடுவது. விரலிடுக்கு மணலை அது ஆராய்ச்சி செய்யும் இரண்டு நிமிடம் அருமையான நேரம், பக்கத்தில் ஒரு கை தயாராக இருந்தால்.

குழந்தையை அசையாமல் பிடித்துவைக்க 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழி இருந்தது. அப்போது ஒரு படம் பதியவே பல நொடிகள் ஆகும் என்பதால், அம்மாவின் மேல் துணியைப் போர்த்தி நாற்காலி மாதிரி ஆக்கிவிட்டு, மடியில் குழந்தையை உட்காரவைத்து எடுப்பார்கள். அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. உற்றுப் பார்த்தால் துணிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கும். எனக்கு அதில் அந்தக் கைதான் பிடிக்கும். இப்போது நான் அம்மாவின் கையை மறைக்கச் சொல்வதே இல்லை.

என்ன உடை போட்டுவிடலாம்?

ஓடி, உட்கார்ந்து, நனையக்கூடியது. புதுத்துணி அரிக்கும், ஒரு தடவையாவது துவைத்து உடுத்தியதாக இருக்கட்டும். தூய வெள்ளை வெயிலில் வெளிறி மடிப்பெல்லாம் காணாமல் போகும், அதற்குப் பதில் பால்நிறமோ வெளிர்நீலமோ பரவாயில்லை. கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு வேண்டாம், அந்த நிறம் தாடையில் பிரதிபலிக்கும். குடும்பம் முழுக்க ஒரே நிறச் சட்டை என்பது எனக்குப் பிடிக்காது, சீருடை மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் படம், உங்கள் விருப்பம். மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துவாருங்கள். "நனையாமல் பார்த்துக்கிறோம்" என்று சொன்ன குடும்பங்களில் ஒன்றுகூட நனையாமல் திரும்பியதில்லை.

சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கரைக்கு வந்து பூசினால் முகம் வெள்ளையாகப் பளபளக்கும்.

தலைக்குப் பின்னால் கடல்கோடு குறுக்கே ஓடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

இது நல்ல கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. கடல்மட்டத்தில் நின்று பார்த்தால் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே இருக்கும். நீங்கள் நின்றுகொண்டு எடுத்தால் அது குழந்தையின் தலைக்கு மேலே போய்விடும். குழந்தை தண்ணீருக்குள் அமிழ்ந்த மாதிரி, குட்டையாகத் தெரியும். குழந்தையின் கழுத்தளவுக்குக் குனிந்தால் கோடு கழுத்தை வெட்டும். கண்ணளவுக்கு வந்தால் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வரும்.

குழந்தையின் இடுப்புக்குக் கேமராவை இறக்கிவிடுங்கள். கோடு இடுப்பில் நிற்கும், தலையும் தோளும் வெறும் வானத்தில் தெளிவாக நிற்கும், மூன்றடிப் பிள்ளைக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். கரை கடலை நோக்கிச் சரிவதால் நீங்கள் மேட்டில் இருப்பீர்கள், ஆகவே நினைத்ததைவிட இன்னும் கொஞ்சம் தாழ வேண்டும். நான் பெரும்பாலும் வயிற்றை மணலில் வைத்துப் படுத்துவிடுவேன். என் சட்டைகளின் ஆயுள் குறைவு.

அப்புறம், கோடு சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு எங்கே சாய்ந்தாலும் கண் மன்னிக்கும். கடல் சாய்ந்தால் தண்ணீர் கொட்டிவிடும்போல் இருக்கும்.

என்ன லென்ஸ், என்ன செட்டிங்?

ஒரே ஒரு லென்ஸ் என்றால் 70-200 மி.மீ. ஜூம். தூரத்திலிருந்தே எடுக்கலாம், குழந்தையின் விளையாட்டில் நுழைய வேண்டாம். தண்ணீரோரம் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்க 35 மி.மீ. பிடிக்கும். ஷட்டர் வேகம் நடக்கிற குழந்தைக்கு 1/500 நொடி, ஓடிக் குதிக்கிறதற்கு 1/1000, தண்ணீர் தெறிப்பது துளித்துளியாக வேண்டுமென்றால் 1/2000. அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, ஒரு குழந்தைக்கு எஃப் 2.8 போதும், இரண்டு மூன்று பேர் முன்பின்னாக இருந்தால் எஃப் 5.6. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும்படி வைத்து, கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

வெளிர்மணலில் முகம் கறுத்துப்போவதற்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் பழக்கம். வெளிச்சமான கரையைக் கண்டதும் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டிவையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால் பிறகு திருத்த இடம் இருக்கும்.

மணலும் உப்பும் கேமராவைக் கெடுக்காதா?

கெடுக்கும். கரையில் லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு தடவை காற்றுக்கு முதுகைக் காட்டி, சட்டைக்குள் ஒளித்துவைத்து மாற்றினேன், ஐந்து நொடிகூட ஆகவில்லை. அன்று இரவு ஜூமைத் திருகினால் அம்மிக்கல் மாதிரி நறநறவென்று சத்தம். சரிசெய்யக் கொடுத்த இடத்தில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள்.

லென்ஸில் மணல் பட்டால் துடைக்காதீர்கள், கீறிவிடும். முதலில் பிளோயரால் (அமுக்கினால் காற்று ஊதும் ரப்பர் குமிழ்) ஊதுங்கள், அப்புறம் துணி. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். உப்புத்துளி காய்ந்து படிந்தால் அரிக்கும்.

இன்னொன்று: ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படிந்துவிடும், அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. கிளம்புவதற்கு முன்பே பையை மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

போனிலேயே எடுத்தால் போதாதா?

பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் போதும். லென்ஸைத் துடையுங்கள், சன்ஸ்கிரீன் விரல் பட்டுத்தான் பாதிப் படங்கள் மங்கலாகின்றன. முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். போர்ட்ரெய்ட் மோடில் காற்றில் பறக்கும் முடியைப் போன் வெட்டிவிடும், சாதாரண மோடே மேல். "வாட்டர்ப்ரூஃப்" என்று நம்பி அலையில் இறங்காதீர்கள். அந்தத் தரச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது.

தண்ணீரோரம் எடுக்கும்போது பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

இதில் நான் கறார். ஒரு பெரியவர் போனைப் பையில் போட்டுவிட்டு, கையெட்டும் தூரத்தில், குழந்தையை மட்டும் பார்க்க வேண்டும். அந்த ஆள் படமெடுப்பவராக இருக்கக் கூடாது. கேமராவுக்குள் கண்ணை வைத்தவருக்கு ஃபிரேமுக்கு வெளியே வருகிற அலை தெரியாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது; சத்தமில்லாமல் நடந்துவிடும்.

எல்லா இடத்திலும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தட்டையாகக் கிடந்தால், குழந்தையை நிறுத்த அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பல நேரம் அப்படித்தான் தெரியும். அங்கே போக வேண்டாம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் படத்தை நான் உலர்ந்த மணலில்தான் எடுப்பேன். நீட்ட லென்ஸில் பார்த்தால் பின்னால் இருக்கும் கடல் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும், யாருக்கும் தெரியாது.

முதல் நாள் போய் இடம் பார்த்துவிட்டு வருவதானால் ஓதத்தையும், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தையும், கணக்கில் வையுங்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஏற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், இறங்கவும் அதே அளவு நேரம், அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். வற்றி இறங்கும் நேரம் எனக்குப் பிடித்தது: கண்ணாடி மாதிரி ஈர மணல் விரிந்து கிடக்கும், குழந்தை தலைகீழாக அதில் தெரியும்.

படங்களை இணையத்தில் போடலாமா?

குழந்தையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஐந்து வயதுக்கே "இது வேணாம்" என்று சொல்லத் தெரியும். உடையில்லாமல் விளையாடும் கைக்குழந்தையின் படம் உங்களுக்கு அழகு. வெளியே அது யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன் படத்தோடு எடுத்த இடமும் பதிந்திருக்கலாம், அனுப்புவதற்கு முன் நீக்கிவிடுங்கள். என் பக்கத்தில், பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்தக் குழந்தையின் படத்தையும் விளம்பரத்துக்குப் போடுவதில்லை.

எடுத்ததையெல்லாம் கொடுப்பீர்களா? எவ்வளவு திருத்துவீர்கள்?

ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு, அறுநூறு கிளிக் இருக்கும். அதில் நாற்பது ஐம்பது கொடுப்பேன். மீதியெல்லாம் பாதி மூடிய கண்ணும் பிரேமுக்கு வெளியே ஓடிய காலும். நிறம், வெளிச்சம் சரிசெய்வேன், பின்னால் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்துவிடுவேன். விழுந்த பல்லை ஒட்டவைக்க மாட்டேன், முழங்கால் சிராய்ப்பையும் அழிக்க மாட்டேன். கேட்டவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அந்த இடத்தில் புதுப்பல் முளைத்துவிடும், ஓட்டைப் பல்லை அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

பிடித்ததைப் பிரிண்ட் போடுங்கள். 24 மெகாபிக்சல் ஃபைல் என்றால் 20 அங்குலம் வரை தாராளமாகத் தாங்கும்.

மழை வந்தால்?

இடி கேட்டால் எல்லோரும் கரையைவிட்டு உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பலாம். வெறும் தூறல் என்றால் நான் வருவேன். மேகம் மூடிய வானம் ஒரு பெரிய மெல்லிய திரை மாதிரி, முகத்தில் நிழலே விழாது. ஒரு தடவை தூறலில் பெரியவர்கள் எல்லோரும் ஒரு துண்டுக்கடியில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, மூன்று வயதுப் பெண் ஒருத்தி வாளியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "நிரம்பட்டும்" என்றாள்.